ஏழு கிணற்றுச் சுடுதண்ணி

அம்மம்மாவின் அந்தியேட்டியன்றுதான் நான் முதன்முதலாகக் கன்னியாவுக்குப் போனேன். எனக்கு ஒன்பது வயது. திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் வீதியால் போனால் 8 கிலோமீற்றர் வரும். கிரியை முடித்து மாமா ஈர வேட்டியோடு நின்றார். பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்கள்.

கிணறு என்றதும் எங்கள் வளவுக் கிணற்றைப்போல ஆழமாக இருக்குமென்று நினைத்திருந்தேன். இவையோ சின்னஞ்சிறிய சதுரத் தொட்டிகள், மொத்தம் ஏழு. குனிந்து பார்த்தால் அடி தெரியும். அடியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவந்து, மேலே சத்தமில்லாமல் உடைந்தன.

“முதல் காலில ஊத்திப் பார் பிள்ளை. எடுத்த உடனை தலையில ஊத்தாதை” என்றா மாமி.

ஒன்றில் நல்ல சூடு. நாலடி தள்ளி மற்றதில் இளஞ்சூடுதான். எனக்கு அது பெரிய அதிசயம். தாய்க்குக் கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்று அம்மம்மா கதை சொல்லியிருந்தா. வாள் ஆழமாய் இறங்கிய இடம்தான் கூடச் சுடுகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே ஒரு கிணற்றடியில் போய் நின்றா. “அம்மா இதிலதான் குளிப்பா, முழங்கால் நோவுக்கு.” முதல் வாளியைத் தன் முழங்கால்களில் மெல்ல மெல்ல ஊற்றினா. அவவுக்கு அப்போது முழங்கால் நோவே இல்லை.

சூட்டின் காரணத்தைப் பிறகு படித்தேன். இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போக, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 பாகை சூடு கூடும். அங்கே காய்ந்த நீர், ஆற நேரமில்லாமல் வேறு வெடிப்புகளால் மேலே வருகிறது. மகா ஓயாவிலும் மகாபெலஸ்ஸவிலும் சுடுநீர் ஊறுவது இப்படித்தான். அப்படியென்றால் அம்மா ஊற்றியது என்றைக்கோ பெய்த மழை. அதைப் படித்த பிறகு அந்தக் கிணறுகள் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டன.

ஊற்றுக் கிணறு அழுக்கானால் புதுத் தண்ணீர் அந்த அழுக்கோடுதான் கலக்க வேண்டும். கன்னியாவுக்குப் போகிறவர்கள் சவர்க்காரத்தையும் ஷாம்பூவையும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.