கணக்கில் வராத பெருக்கல்

பெருக்குவது என்பது தமிழில் இரண்டு வேலை. ஒன்று கணக்குப் பாடம், மதிப்பெண் வாங்கித்தரும். மற்றது துடைப்பம், எந்தக் கணக்கிலும் வராது. இரண்டும் எதிரெதிரே நிற்கும் ஓர் இடத்தைப் பைத்தான் நிரல்மொழியில் பார்த்தேன்.

ஔவையார், வெள்ளிவீதியார் முதலிய சங்கப் பெண்பாற் புலவர்களின் பாடல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கத்தான் அதைக் கற்றேன். எந்தச் சொல் எந்தப் பாடலில், எந்த அடியில் வருகிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

பைத்தானில் ஓர் எழுத்துச்சரம் உருவானபின் மாறாது. விகுதியைப் பிரித்தால் கிடைப்பது புதிய சரம். பழையதை நிரலில் எதுவும் சுட்டாதபோது அதன் இடம் உடனே காலியாகிறது. பட்டியல்களோ ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வட்டமாக நிற்கக்கூடும். நமக்குத் தேவை முடிந்தபின்னும் நினைவகத்தைவிட்டு நகராது. அவற்றைத் தேடி அகற்றத் தனியாக ஒரு குப்பை அகற்றி உண்டு. புதிய பட்டியல்கள் சேரச் சேர அது அவ்வப்போது எழுந்து துப்புரவு செய்யும். அதற்கும் நேரம் ஆகும்.

நிரலின் வேகத்தை அளக்க ‘டைம்இட்’ என்ற கருவி பைத்தானுடனே வருகிறது. நாம் வேறு எண் தராவிட்டால், கொடுத்த வரியை 10 லட்சம் முறை ஓட்டி, ஆன நேரத்தைச் சொல்லும். அளக்கத் தொடங்குமுன் அது குப்பை அகற்றியை நிறுத்திவைக்கிறது. முடிந்தபின் மீண்டும் இயக்குகிறது. துப்புரவு எப்போது குறுக்கிடும் என்று தெரியாததால், அது இல்லாமல் அளந்தால் ஒப்பிடுவது எளிது. காரணம் நியாயமானதுதான். ஆனால் நாள் முழுக்க ஓடும் நிரலில் அப்படி நிறுத்திவைத்தால், வட்டக் குப்பை சேர்ந்துகொண்டே போகும்.

என் சொல்லடைவில் ஆயிரக்கணக்கில் பட்டியல்கள் உண்டு. அதனால் துப்புரவையும் சேர்த்தே அளந்தேன். நேரம் கூடியது. எப்போதும் ஆகிக்கொண்டிருந்த நேரம்தான் அது. இப்போது எண்ணாகத் தெரிந்தது.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள். அதே வேலை செய்யும் ஆண் 97 நிமிடங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்த இரண்டுமே சேர்வதில்லை. சந்தை விலை இல்லாததை மதிப்பிடுவது கடினம் என்பது சொல்லப்படும் காரணம். இதுவும் ஒப்பீட்டு வசதிதான். இங்கே துடைப்பத்தை யாரும் ஒரு நாள்கூட நிறுத்திவைப்பதில்லை. எண்ணுவதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள்.

டைம்இட்டின் கையேடு ஒன்றைச் செய்கிறது. எதை விட்டுவிட்டு அளக்கிறோம் என்று எழுதிவைக்கிறது. விட்டது செயல்திறனின் முக்கியப் பகுதியாக இருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. அதைச் சேர்த்து அளக்க ஒரு சிறு கட்டளையும் தருகிறது. நாட்டின் வருமானக் கணக்கை வகுப்பில் பேசும்போது மாணவிகளிடம் நான் கேட்கச் சொல்வதும் இதைத்தான்: அளக்கும்போது எந்த வேலையை வெளியே நிறுத்தினீர்கள்? அதைச் சேர்த்தால் எண் என்ன?