சுண்ணாம்பு லைட்

மெஷின் நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு. பொத்தானை அழுத்தியதும் வழக்கமான உறுமல் வந்தது. ஆனால் கப்பில் விழுந்தது சொட்டுச் சொட்டாகப் பச்சைத் தண்ணீர், அதில் கொஞ்சம் பழுப்பு நிறம். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் முதலில் செய்வதை நானும் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி சொருகினேன். மறுபடியும் அதே பழுப்புத் தண்ணீர்.

2020 ஆகஸ்டில் வாங்கியது. ஊரடங்கில் நானும் மனைவியும் ஒரே வீட்டின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தோம். கடைகள் மூடிக்கிடந்த காலத்தில் வெளியே போய்க் காபி குடிக்கும் செலவு மிச்சம் என்று ஒரு கணக்கைச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தேன். கொட்டையை மேலே போட்டால் அரைத்து, அமுக்கி, வடித்து, கீழே காபியாகத் தரும் வகை. மூன்றரை வருடம் ஓடியது.

சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்பக்கத்தைத் திறக்காமலே, "ஹீட்டர் யூனிட் போயிருக்கும் சார், இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கோங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்த பையன். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ரொம்ப நேரம் கோபப்படும் தகுதி எனக்கில்லை. போன வருடம் எங்கள் டீம் ஒரு பழைய மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது வாடிக்கையாளர்களுக்குப் போன மின்னஞ்சலின் இரண்டாவது பத்தி நான் எழுதியது. ‘மேம்பட்ட அனுபவத்துக்கு மாறுங்கள்’ என்று எழுதியிருந்தேன்.

வேளச்சேரியில் எங்கள் மிக்ஸியையும் கிரைண்டரையும் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் வாழ்நாளில் எஸ்பிரெசோ மெஷினைப் பிரித்ததில்லை. அது அவரைக் கொஞ்சமும் தயங்க வைக்கவில்லை. "தண்ணி போகுது, சூடாகுது, வெளிய வருது. வேற என்ன இருக்கப்போகுது?" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன உருளையின் இருபுறமும் வைத்தார். சத்தம் வரவில்லை. "தெர்மல் ஃப்யூஸ் போச்சு. நாப்பது ரூபா சாமான்" என்றார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, "இருங்க, ஃப்யூஸ் சும்மா போகாது. ஏன் போச்சுன்னு பாக்கணும்" என்றார். பிழைச் செய்தியை அணைப்பது வேறு, பிழையைக் கண்டுபிடிப்பது வேறு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுப்பேன். அதை எனக்கு அவர் எடுத்தார்.

தண்ணீரைச் சூடாக்கும் பகுதி இந்த மாதிரி மெஷின்களில் பானை மாதிரி இருக்காது. ஒரு உலோகக் கட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் மெல்லிய பாதை, அவ்வளவுதான். தெர்மோபிளாக் என்பார்கள். அண்ணன் அதைக் கழற்றி, ஒரு தினத்தந்தி தாளின்மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். வெள்ளையாக, பொரிந்த சோடா உப்பு மாதிரி, உதிர்ந்துகொண்டே இருந்தது. கெய்சர் காயிலில் படியும் அதே சுண்ணாம்பு. எங்கள் குடியிருப்பில் பாதி நாள் போர் தண்ணீர், பாதி நாள் லாரித் தண்ணீர். இரண்டுமே கடினத் தண்ணீர். சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். பாதை அடைத்துக்கொண்டால் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கட்டியிலேயே தங்கும். கடைசியில் ஃப்யூஸ் தன் உயிரைக் கொடுத்து வீடு தீப்பிடிக்காமல் காக்கும். கட்டியையோ பிரிக்கவே முடியாதபடி மூடியிருந்தார்கள்.

"லைட்டு எதுவும் எரியலையா? இந்த மாதிரி சாமான்ல வார்னிங் வரணுமே" என்றார்.

"இல்லண்ணே" என்றேன்.

பொய். நாலு தடவை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி, முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் தடவை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாம் தடவை மருந்து தீர்ந்திருந்தது, ஒன்பது மணிக்கு மீட்டிங். அப்போதுதான் கண்டுபிடித்தேன். உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறதா இல்லையா என்பது மெஷினுக்குத் தெரியவே தெரியாது. எத்தனை லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் ஆரஞ்சு விளக்கைப் போடுகிறது. மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி அந்த ப்ரோகிராமை ஓட்டினாலும் கவுன்ட்டர் பூஜ்ஜியமாகிவிடும். விளக்கு அணைந்துவிடும். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. வீட்டில் சொல்லிக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது என்ன வாங்குவது என்ற ஆராய்ச்சி மூன்று வாரம் நடந்தது. இருபத்திரண்டு வரிசை, பதினான்கு பத்தி கொண்ட ஒரு ஷீட். இந்த உலகத்தில் காலை வைத்தவர்களுக்குத் தெரியும், அதன் ஆழம். ஒரே கொதிகலனில் காபிக்கும் பாலுக்கும் மாற்றி மாற்றிச் சூடேற்றும் மெஷின்கள் அடிமட்டம். காபிக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் டிகிரி போதும். ஆவிக்கு அதைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். அதனால் நடுவில் காத்திருக்க வேண்டும். அதற்கு மேலே, ஆவிக் கொதிகலனுக்குள்ளேயே ஒரு குழாயை ஓடவிட்டுக் காபித் தண்ணீரைச் சூடாக்கும் வகை. உச்சியில் இரண்டுக்கும் தனித்தனிக் கொதிகலன் உள்ளவை. காத்திருக்கவே வேண்டாம். என் ஷீட்டில் பச்சை நிறம் பூசி வைத்திருந்தது அதைத்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தொண்ணூறுகளில் ‘எஸ்பிரெசோ காபி’ என்று ஒன்று கொடுப்பார்கள், நினைவிருக்கிறதா? மண்டப வாசலில் ஆளுயர எவர்சில்வர் மெஷின், ஊளையிடும் ஆவிக் குழாய், பால் நுரைமேல் சாக்லேட் பவுடர். உள்ளே இருந்தது இன்ஸ்டன்ட் தூள். கல்லூரி முடித்து வேலைக்கு வந்தபிறகு, ‘எஸ்பிரெசோ’ கேட்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பாக ஏதோ கொண்டுவந்து வைத்தபோது, ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். உண்மையில் எஸ்பிரெசோவின் கதை ஆவியைக் கைவிட்ட கதை. 1884இல் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மொரியோண்டோ காப்புரிமை பெற்ற இயந்திரமும், 1901இல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா பெற்றதும் ஆவியின் அழுத்தத்தை நம்பியவை. அது ஒன்றரை பார் அளவுக்கு மேல் போகாது, காபியையும் சுட்டுக் கசக்க வைக்கும். இரண்டாம் உலகப்போருக்குப்பின் அக்கிலே காஜியா சுருள்வில் வைத்த லீவரைக் கொண்டுவந்தார். அழுத்தம் பல மடங்கு ஏறியது, காபிமேல் பொன்னிற நுரை வந்தது. குடிக்க வந்தவர்கள் இது என்ன அழுக்கு என்று சந்தேகப்பட்டார்களாம். அதனால் மெஷினிலேயே ‘இயற்கையான காபி க்ரீம்’ என்று இத்தாலிய மொழியில் எழுதி வைத்தார்கள். 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 வந்தது, அந்த வருடத்துச் சூரிய கிரகணத்தின் பெயரில். கையால் இழுக்கும் வேலையை மோட்டார் பம்ப் எடுத்துக்கொண்டது. ஒன்பது பார், முப்பது விநாடி. இன்றுவரை கணக்கு அதுதான்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த மூன்று வாரமும் வீட்டில் பித்தளை ஃபில்டர்தான். கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்தது. உடனே, நம்ம டிகிரி காபிக்கு ஈடாகுமா என்று முடிக்கப்போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சிக்கரி போட்ட டிகாக்‌ஷன் ஒரு சுகம், எஸ்பிரெசோ வேறு சுகம். ஆனால் ஃபில்டரில் ஒரு விஷயம் உண்டு. அதை அவசரப்படுத்த முடியாது. தட்டினாலும் இறங்காது. பொத்தான் மெஷின் இருந்தவரை ஆளுக்கொரு நேரத்தில் அழுத்தி, ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவோம். இப்போது டிகாக்‌ஷன் இறங்கும்வரை இரண்டு பேரும் சமையலறையில் நின்றாக வேண்டியிருந்தது.

அப்படி நின்ற ஒரு சாயங்காலம், மேடையில் லேப்டாப்பை வைத்து அவளுக்கு ஷீட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கடைசிப் பத்தியைத் தொட்டாள்.

"இந்த ஒண்ணு இருபது, என் சம்பளமும் இருக்குன்னு வெச்சுத்தானே போட்டே?"

"ஆமா. ஏன்?"

"இல்லாம போட்டுப் பாரு."

அவள் ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக்கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வருவது எமர்ஜென்சி இல்லை, வழக்கம். ஒன்றரை வருடத்தில் மூன்று முறை வேலையை விடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் முறை "அப்ரைசல் முடியட்டும்" என்றேன். இரண்டாம் முறை வீட்டுக் கடன் கணக்கைக் காட்டினேன், அதற்கும் ஒரு ஷீட் இருந்தது. மூன்றாம் முறை ஒரு வார லீவு போட்டு ஏற்காடு கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் அவள் முகம் தெளிந்திருந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேளச்சேரி அண்ணனிடம் பொய் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஏன் அந்த நேரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியுமே. அந்த லைட்டை நீ அணைச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். பிறகு, "ஏற்காட்டுலேர்ந்து வந்த அன்னிக்கு ராத்திரியே ரெண்டு கால்" என்றாள்.

டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு ஒன்பது மணிவரை பேசினோம். அவள் எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை ஃபோனில் காட்டினாள். தேதி போட்டிருந்த இடத்தில் நவம்பர் என்று இருந்தது. அப்போது பிப்ரவரி.

அவள் சம்பளம் இல்லாமல் போட்டுப் பார்த்ததில் கடன் தவணை போக நிற்கிறது. பயந்த அளவுக்கு மோசமில்லை, நினைத்த அளவுக்கு நன்றாகவும் இல்லை. மெஷின் பத்தியில் முப்பத்தைந்தாயிரம் என்று அடித்தேன். இருபத்திரண்டு வரிசையில் மூன்று மிஞ்சின. மெஷினே வேண்டாம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அவளே, "தியாகம் பண்ணி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத, வாங்கு" என்றாள்.

முடிவில் புதிதே வாங்கவில்லை. பெங்களூரில் ஒருவர் நாடு மாறிப்போகிறார் என்று, பழைய காஜியா கிளாசிக் ஒன்றை முப்பதாயிரத்துக்குக் கொடுத்தார். 1991இலிருந்து வரும் மாடல், நடுவில் சில மாற்றங்களோடு. ஒரே கொதிகலன், அதுவும் நூறு மில்லிதான் பிடிக்கும். என் ஷீட்டில் ‘தவிர்க்கவும்’ என்று சிவப்பில் இருந்த எல்லாமே அதில் உண்டு. நான் அவரிடம் காபி போட்டுக் காட்டச் சொல்லவில்லை, பிரித்துக் காட்டச் சொன்னேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மேல்மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே கொதிகலன் தெரிந்தது, நாலு போல்ட்டில் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்து. கேஸ்கெட் எது, தெர்மோஸ்டாட் எது, வால்வ் எது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. வேளச்சேரி அண்ணனுக்கு இது இருபது நிமிட வேலை. ரயிலில் எட்டு கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டு அம்மா, தையல் மெஷினா என்று கேட்டார்.

அதில் சுண்ணாம்பு லைட் கிடையாது. எண்ணுவதற்குக் கவுன்ட்டரும் கிடையாது. சூடாகிவிட்டது என்று சொல்ல ஒரு விளக்கு, அதோடு சரி. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று சமையலறை மாதக் காலண்டரில் பேனாவால் குறித்தேன். நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீரையும் கேனிலிருந்து ஊற்றுகிறேன். மறுநாள் பார்த்தபோது அதே காலண்டரில் மே 31ஐச் சுற்றி அவள் ஒரு வட்டம் போட்டிருந்தாள். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம்.

முதல் ஷாட்டை அவளுக்குத்தான் போட்டேன். பதினெட்டு கிராம் தூள். பன்னிரண்டு விநாடியில் கொடகொடவென்று ஓடிவந்துவிட்டது. ஆவி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கொதிகலன் ஏறுவதற்காக இருவரும் நின்றோம். அவள் காத்திராமல் கறுப்பாகவே ஒரு வாய் குடித்தாள்.

"புளிக்குது."

"அரைச்சது கரகரப்பா இருக்கு. இன்னும் நைஸா அரைக்கணும்."

"சரி, அரை. எனக்குப் பத்து மணிக்குத்தான் கால்."