படகை இழுக்க ஒரு கார்

தம்பி சின்னதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறான். டிரெய்லரில் வைத்துப் பழவேற்காடு வரை இழுத்துப் போக வேண்டுமாம். "ஒரகடத்துல வேலை பாக்குறீங்க, எந்தக் கார்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்கிறான்.

சுற்றிலும் கார் தொழிற்சாலைதான். ஆனால் நம் ஊரில் கார் வாங்கும்போது மைலேஜைக் கேட்போம், சன்ரூஃப் கேட்போம். இழுவைத் திறனை யார் கேட்கிறோம்?

கணக்கு இதுதான். படகு, மோட்டார், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்ந்த எடை, காரின் கையேட்டில் போட்டிருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இறங்கும். அது காரின் பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தை லேசாக்கும். முன்சக்கரம் இழுக்கும் குடும்பக் கார் ஈரச் சரிவில் வழுக்குவது அதனால்தான். இந்த வேலைக்கு லேடர் ஃபிரேமும் (ஏணி வடிவ அடிச்சட்டம்) நான்கு சக்கர இழுவையும் உள்ள வண்டி நல்லது. படகை இழுக்கும்போது பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும், மறக்கக் கூடாது.

படகை இழுத்துத்தான் போக வேண்டும் என்றில்லை, ஏற்றியும் போகலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் சென்னைக்குள் படகு கொண்டுவந்தது லாரியில்தான்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன்: "மாசம் ஒரு தடவைதானேடா? காரைக் குடும்பத்துக்கு வாங்கு. படகுக்கு மினி லாரியை வாடகைக்கு எடு."