தீப்பெட்டித் தொடர்வண்டி

சங்கப் பாடல்களில் சிறுவர்க்குத் தேர் உண்டு. பட்டினப்பாலை காட்டும் தேர் மூன்று கால்களை உடையது, குதிரை பூட்டப்படாதது. முற்றத்தில் காயும் உணவைத் தின்ன வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருவதோ தச்சர்வீட்டுச் சிறுவரும் விரும்புமாறு செய்யப்பட்ட தேர். ஏறி ஊர முடியாதது. அதனை உருட்டிக் களைத்த பிள்ளைகள் பாலுண்டு உறங்கிவிடுகின்றனர். சூத்திரகரின் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். அதில் வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் தேரைக் கண்டபின் தன் மண் தேர் வேண்டாமென அழுகின்றான். இவற்றைப் பாடம் சொல்லும்போதெல்லாம் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. பிள்ளை தன் கையாலேயே செய்துகொண்ட தேர் இம்மூன்று இடங்களிலும் இல்லை.

அத்தகைய தேர் எம்மிடம் இருந்தது. தீப்பெட்டிகளால் ஆனது அது. எரிந்து தீர்ந்த பெட்டிகளை அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, உட்பெட்டிகளை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் துளையிட்டு நூலால் கோத்தால் தொடர்வண்டி ஆயத்தம். மேலுறை ஒன்றை நிமிர்த்தி வைத்தால் முன்னே செல்லும் எஞ்சின். புளியங்கொட்டைகளே பயணிகள். பத்துப் பெட்டி சேர ஒரு மாதத்திற்கு மேலாகும். அதுவரை காத்திருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அடுப்பெரிக்கும்போது அன்னையார் குச்சியை வீணாக்கினால் எமக்கு உள்ளூர மகிழ்ச்சி!

இரண்டு உட்பெட்டிகளின் அடியில் துளையிட்டு, நூலைச் செருகி, உள்ளே குச்சித் துண்டு ஒன்றில் முடிந்து, நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் தொலைபேசி. நூல் தொய்ந்தால் பேச்சுக் கேளாது. இடையில் ஒருவர் விரலால் நூலைத் தொட்டாலும் நின்றுபோகும். ஒலி என்பது அதிர்வு என்று பின்னாளில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, எம் விரல் அதனை முன்னமே அறிந்திருந்தது. கலர் பாட்டில் மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் இரு துளையிட்டு, நூல் வளையத்தில் முறுக்கி இழுத்தால் ‘விர்’ரென்று சுழலும். தெருவில் பொறுக்கிய சிகரெட் அட்டைகள் எங்கள் நாணயங்கள். எளிதிற் கிடைக்கும் சார்மினாருக்கு மதிப்புக் குறைவு, அரிதாய்க் கிடைப்பதற்கு மதிப்பு மிகுதி. பொருளியலின் முதற்பாடத்தையும் குப்பைமேட்டிலேயே கற்றோம் எனலாம். பால்மாவு டின் மட்டும் எளிதில் கைக்கு வாராது. வீட்டில் அதற்குச் சர்க்கரை, பருப்பு, மிளகாய் என்று அடுத்தடுத்து அலுவல்கள் இருந்தன. அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்த பின்னரே அது எங்கள் பறையாகும்.

இப்பொருள்கள் அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. அவை எவருக்கும் வேண்டாதவை. ‘உடைத்துவிடாதே’ என்று அவற்றைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கடையில் வாங்கிய பொம்மைக்கு இச்சிறப்பு இல்லை. விலை கொடுத்தவர் ஒருவர் இருக்கும்வரை அது முழுதும் பிள்ளையின் பொருளாவதில்லை என்பது எம் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்காக மாணவர்களுடன் ஒரு சிற்றூரில் தங்கினோம். 1975இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடி ஒன்று அங்கிருந்தது. விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. ஆனால் இரும்பு பீரோவினுள் இருந்தன. நெகிழித் தாள் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. காரணம் கேட்டோம். “ஒண்ணு உடைஞ்சாலும் நான்தான் சார் பதில் சொல்லணும்” என்றார் பொறுப்பாளர் அம்மையார். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றும் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தது. அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. குறைந்த ஊதியத்தில் சமையலையும் எடை பார்த்தலையும் பதிவேடுகளையும் ஒருங்கே சுமப்பவர், உடைந்த பொம்மைக்கும் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால் என்செய்வார்?

மறுநாள் எம் மாணவர்கள் கடைத்தெருவில் கேட்டுப் பெற்ற காலி அட்டைப்பெட்டிகளையும் சோப்பு, பற்பசை, தேயிலை, தீப்பெட்டி ஆகியவற்றின் உறைகளையும் ஒரு சாக்கில் கொணர்ந்து தரையில் கொட்டினர். என்னென்ன செய்விப்பது என்று அவர்கள் திட்டம் வகுத்து வைத்திருந்தனர். அத்திட்டம் கால் மணி நேரங்கூட நிற்கவில்லை. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, தீப்பெட்டியின் உட்பெட்டியைத் தள்ளுவதும், அது மறுபுறம் வெளிவருவதைக் காண்பதும், மீண்டும் தள்ளுவதுமாக நெடுநேரம் அமர்ந்திருந்தது. பிறகு அதனுள் சிறு கல்லொன்றை வைத்து மூடியது, காதருகே ஆட்டியது, திறந்து, கல் அங்கேயே இருப்பதைக் கண்டு சிரித்தது. எம் மாணவர் ஒருவர் அதனைத் தொடர்வண்டி செய்யப் பழக்க முனைந்தார். குழந்தை பெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டது. விட்டுவிடுமாறு அவரிடம் சொன்னோம். கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதை அப்பிள்ளை தானாகவே மீண்டும் மீண்டும் சோதித்துக்கொண்டிருந்தபோது வேறு பாடம் எதற்கு?

1837இல் செருமனியின் பிளாங்கன்பர்க்கில் குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கி, பின்னர் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்ட ஃபிரோபெல், பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றையே பிள்ளைகளின் கையில் தந்தார். 1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் துளைக்குள் பொருந்தும் உருளைக்கட்டைகளைப் பயன்படுத்தினார். அவை செம்மையாகச் செதுக்கப்பட்டவை, ஆகவே விலையுயர்ந்தவை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா வேறு வழி கண்டார். மிதிவண்டி வால்வு டியூபின் சிறு துண்டுகளையும் தீக்குச்சிகளையும் கொண்டு அவர் வடிவியல் கற்பித்தார். நான்கு குச்சிகளை இணைத்த சதுரம் அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. பாலங்களில் முக்கோணம் ஏன் நிறைந்துள்ளது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. 2018இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

தீப்பெட்டியைப் புகழும்போது ஒன்றை மறைத்துவிட்டுச் செல்ல எம்மால் இயலவில்லை. நாம் வண்டியோட்டிய அதே பெட்டிகளைச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் எம் வயதுப் பிள்ளைகளே ஒட்டிக்கொண்டிருந்தனர். மரச்சீவலை மடித்துத் தாள் ஒட்டும் அந்த வேலை எண்ணிக்கைக்குக் கூலி. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதவரைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்துவதைத் தடை செய்தது. ஆயினும் குடும்பத்தாருடன் வீட்டில் செய்வதற்கு விலக்களித்தது. பெட்டி ஒட்டுதல் பெரும்பாலும் வீட்டில்தானே நடந்தது! உச்ச நீதிமன்றம் 1996இல் சிவகாசிச் சிறார் குறித்துத் தீர்ப்பு வழங்கியது; 2016இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு விளையாட்டாக இருந்த பெட்டி மற்றொரு பிள்ளைக்கு விளையாட நேரமில்லாமற் செய்தது. அவர்களிடமும் தீப்பெட்டித் தொடர்வண்டி இருந்திருக்குமா என்று பலமுறை எண்ணியதுண்டு.

இன்று குப்பையும் மாறிவிட்டது. தகரம் அருகிற்று, பளபளக்கும் உறைகள் பெருகின. அவற்றைக் கிழிக்கலாம், மடித்து நிறுத்த இயலாது. ஆயினும் வீட்டிற்கே பொருள்கள் வந்திறங்கும் இக்காலத்தில் பழுப்பு அட்டைப்பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஒரு பிள்ளை உள்ளே அமரத்தக்க பெட்டி கிடைத்தால் அன்றைக்கு அது வீடு, நாளைக்குப் படகு. பெரியோர் செய்ய வேண்டியது சிறிதே. மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் மூடி, பொத்தான் போன்ற விழுங்கத்தக்க சிறு பொருள்களைத் தரலாகாது. முகத்தை மூடும் நெகிழிப் பைகளும், டின்னின் கூரிய விளிம்பும், மருந்து அல்லது பூச்சிக்கொல்லி இருந்த கலன்களும் அறவே ஆகா. தீப்பெட்டியாயின் குச்சிகளை நீக்குவதோடு பக்கவாட்டில் உரசும் பட்டையையும் வெட்டியெடுத்துவிட வேண்டும். அதில் பாசுபரம் உண்டு.

முகாமின் இறுதி நாளில் அந்தச் சாக்கினை அங்கன்வாடியிலேயே விட்டுவர எண்ணினோம். அம்மையார் தயங்கினார். “இதெல்லாம் எந்தப் பதிவேட்டுல சார் ஏத்தறது?” என்று கேட்டார். எதிலும் ஏற்ற வேண்டாம் என்றோம். அவர் சற்று நேரம் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அதனைப் பிள்ளைகளுக்கு எட்டும் மூலைக்கு இழுத்து வைத்தார்.