நாற்பதில் ஒரு சாக்ஸபோன்

தமிழ்நாட்டில் சாக்ஸபோன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1994-ல் வெளியான ‘டூயட்’ படம்தான். கே. பாலசந்தர் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. திரையில் பிரபு கையில் கருவி இருக்கும், பின்னணியில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அந்த ஒலிநாடாவைத் தேயத் தேயக் கேட்ட பள்ளிப் பிள்ளைகள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்களில் சிலருக்கு அந்தப் பழைய ஆசை திரும்ப வருகிறது. கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருந்தால் முதுகில் விழுந்திருக்கும். இப்போது யாரிடமும் கேட்க வேண்டியதில்லை (வீட்டில் உள்ளவர்களைத் தவிர!).

ஆசை வந்த வேகத்தில் கருவியும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் அதே வேகத்தில் பரணுக்கும் போய்விடுகிறது. ஏன் இப்படி?

பத்து வயதுப் பிள்ளை ஒரு கருவியைக் கற்கும்போது அதன் காதும் விரலும் சேர்ந்தே வளர்கின்றன. பெரியவருக்கு அப்படியில்லை. அவருடைய காது முப்பது வருடம் முன்னால் போய் நிற்கிறது. நல்ல வாசிப்பு எது என்று அதற்கு நன்றாகத் தெரியும். விரலும் உதடும் மட்டும் இன்றைக்குத்தான் பிறந்திருக்கின்றன. முதல் நாள் ஊதினால் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். பிள்ளை சிரித்துவிட்டு மறுபடி ஊதும். பெரியவர் ஊதுவதை நிறுத்திவிட்டு, “கருவி சரியில்லையோ?” என்று யோசிப்பார். அங்கேயிருந்துதான் செலவு ஆரம்பிக்கிறது. இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், அந்தச் சந்தேகம் சில சமயம் உண்மையாகவும் இருக்கும்! எது கருவியின் குறை, எது நம்முடைய குறை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பாதிப் பேர் பணத்தையும் ஆசையையும் சேர்த்து இழக்கிறார்கள்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். பெல்ஜியத்தில் 1814-ல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் பாரிஸில் 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி இது. உடல் பித்தளை. ஆனாலும் கிளாரினெட், புல்லாங்குழல் இவற்றோடுதான் இதைச் சேர்ப்பார்கள். காரணம், ஒலி ஒரு ரீடில் பிறக்கிறது. நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் இதற்கு ரீடு. சீவாளியில் இரண்டு இதழ் சேர்ந்து அதிரும், இதில் ஒற்றை இதழ் மவுத்பீஸின் மேல் அதிரும். குழாய் போகப் போக அகலமாகிக்கொண்டே போவதால், கட்டைவிரலில் ஒரு சாவியை அழுத்தினால் அதே விரல் வைப்பில் மேல் ஸ்தாயி வந்துவிடும். கிளாரினெட்டில் இந்தச் சலுகை கிடையாது. அதனால் சாக்ஸபோனில் முதல் பாட்டு சீக்கிரம் வரும். நல்ல ஒலி மட்டும் சீக்கிரம் வராது.

வகைகளில் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் நான்கும்தான் அதிகம் புழங்குபவை. கென்னி ஜி-யைப் பார்த்துவிட்டு நேராக இருக்கும் சொப்ரானோவைக் கேட்பவர்கள் உண்டு. சின்னதாக இருப்பதால் சுலபம் என்று நினைப்பு. உண்மையில் சுருதி சேர்ப்பதற்கு ரொம்பப் படுத்துவது அதுதான். டெனர் கனம், மூச்சும் அதிகம் கேட்கும். ஆல்டோ சுமார் இரண்டரைக் கிலோ. புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதுதான் பொருத்தம். கழுத்து வலி உள்ளவர்கள் சாதாரணக் கழுத்துப்பட்டைக்குப் பதிலாகத் தோள்களில் மாட்டும் பட்டையை வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு செலவுக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

கடைக்காரர் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆல்டோ ஈ-ஃப்ளாட் கருவி. அதாவது அதில் ‘சி’ என்று விரல் வைத்தால் காதில் விழுவது ஈ-ஃப்ளாட். நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. டெனரில் அதே விரல் வைப்பு ஆறரைக் கட்டை. கீபோர்டு வாசிக்கும் நண்பரோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர் சொல்லும் ஸ்வரத்தையே வாசித்து, இரண்டும் சேராமல், “கருவி சுருதி தப்பு” என்று கடைக்குத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். கருவி மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்போதெல்லாம் கரோக்கே பாட்டின் சுருதியைக் கைபேசியிலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தலைவலி பாதி குறைந்துவிட்டது.

சரி, எதை வாங்குவது? இந்தியாவில் யமஹாவின் மாணவர் ரக ஆல்டோ புதிதாக வாங்கினால் லட்சம் ரூபாயைத் தாண்டும். பெயர் தெரியாத கருவிகள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் இணையத்தில் பளபளவென்று நிற்கின்றன. சிவப்பு, நீலம், கறுப்பு என்று வண்ணங்களில்கூட! விலை குறைந்த கருவி எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பலவற்றில் சாவிகளின் உலோகம் மென்மையாக இருக்கும். கொஞ்சம் தட்டினாலே வளையும். வளைந்த சாவியின் அடியில் உள்ள தோல் பேடு துளையைச் சரியாக மூடாது. காற்று கசியும்.

இந்தக் கசிவுதான் நிஜமான எதிரி. மேலிருந்து கீழே ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு வந்தால் ‘பி’, ‘ஏ’, ‘ஜி’ எல்லாம் ஒழுங்காக வரும். கீழே ‘டி’, ‘சி’ என்று இறங்கும்போது ஒலி நடுங்கும், அல்லது மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். கற்பவர் இன்னும் பலமாக ஊதுவார், இன்னும் இறுக்கிக் கடிப்பார். இரண்டுமே தப்பான பழக்கம். கசிகிற கருவியில் ஆறு மாதம் பழகியவர் நல்ல கருவிக்கு மாறிய பிறகும் அந்தக் கடியை விட முடியாமல் திண்டாடுகிறார். காசை மிச்சம் பிடித்ததற்கு இது பெரிய வட்டி.

ஆனால் அதே அறிகுறிகள் கசிவே இல்லாத கருவியிலும் வரும். உதட்டை இறுக்கினாலும் கீழ் ஸ்வரங்கள் வராது. இடது உள்ளங்கை பக்கத்துச் சாவியில் தெரியாமல் பட்டாலும் கீச்சிடும். பிரித்துப் பார்ப்பதற்கு வழி ரொம்ப எளிது. வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதே கருவியை, அதே மவுத்பீஸோடு கொடுத்து, கடைசியில் உள்ள கீழ் ‘பி-ஃப்ளாட்’டை மெதுவாக ஊதச் சொன்னால் போதும். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கருவி சுத்தம். வராவிட்டால் பழுது பார்க்க வேண்டும். ஆள் கிடைக்காத ஊரில், இருட்டறையில் குழாய்க்குள் சின்ன எல்.இ.டி. சரம் ஒன்றை இறக்கிச் சாவிகளை மூடிப் பார்க்கலாம். எந்தப் பேடின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசியும். பழைய கருவி வாங்குபவர்கள் பளபளப்பை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டும். மேல்பூச்சு உரிந்திருந்தாலும் பேடுகள் சரியாக மூடும் பழைய யமஹா, புத்தம் புதிய பெயரில்லாக் கருவியைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து மவுத்பீஸும் ரீடும். கருவியில் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இதில் ஆகாது. ஆனால் ஒலியில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது. மவுத்பீஸின் நுனிக்கும் ரீடுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஆரம்பத்தில் 1.5 முதல் 1.7 மி.மீ. வரை இருந்தால் நல்லது. யமஹா 4சி, செல்மர் எஸ்80 சி-ஸ்டார் போன்றவை இந்த வகைதான். ரீடு 2 அல்லது 2.5 எண். எண் கூடினால் விறைப்பு கூடும். “நான் 3.5 எண்ணில் வாசிக்கிறேன்” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். செருப்பு சைஸைச் சொல்லிப் பெருமைப்படுவதுபோலத்தான் அது.

ரீடு ஒரு வகை நாணலில் செய்யப்படுகிறது. தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளைவதற்குப் பெயர் அதிகம். ஒரே பெட்டியில் வரும் பத்தில் நாலைந்துதான் மனதுக்குப் பிடித்தமாதிரி ஒலிக்கும். இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும். நன்றாக உள்ளதை மட்டும் தினமும் வாசித்துத் தேய்க்காமல், மூன்று நான்கை மாற்றி மாற்றி வாசிப்பது சிக்கனம். நேற்று இனித்த ரீடு இன்று கரகரக்கும்போது “எனக்கு வராது போலிருக்கிறது” என்று மனம் உடைந்து போகிறவர்களும் உண்டு. ரீடை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் மனம் உடையலாம்.

இதற்குமேல்தான் வலை விரிகிறது. உலோக மவுத்பீஸ், தங்கமுலாம் பூசிய லிகேச்சர், 1950-களில் தொடங்கி 70-கள் வரை செல்மர் நிறுவனம் செய்த ‘மார்க் சிக்ஸ்’... ராத்திரி பதினொரு மணிக்கு யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தால் சாக்ஸபோன் கற்கிற மாதிரியே ஒரு திருப்தி வரும். அன்றைக்கு இருபது நிமிடம் ஊதியிருக்கலாம்.

சார்லி பார்க்கர் 1953-ல் டொராண்டோ மாஸி ஹாலில் வாசித்த கச்சேரி ஜாஸ் உலகில் மிகவும் பேர்போனது. அன்று அவர் கையில் இருந்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோ. ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. அதைக் கேட்பவர் யாரும் “ஐயோ, பிளாஸ்டிக்!” என்று சொல்வதில்லை. பார்க்கர் என்றுதான் சொல்கிறார்கள். இதை வைத்து எந்தக் கருவியும் போதும் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பார்க்கரின் உதடும் காற்றும் சேர்ந்ததால் அந்தக் கருவி அப்படி ஒலித்தது.

கத்ரி கோபால்நாத்தின் கதை இன்னொரு பக்கம். மங்களூர்ப் பக்கம் 1949-ல் பிறந்தவர், அப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதில் மனதைப் பறிகொடுத்தார். கமகத்துக்கென்று பிறக்காத ஒரு கருவியில் கர்நாடக இசையைக் கொண்டுவரப் பல வருடங்கள் பாடுபட்டார். கருவியிலும் தன் தேவைக்கேற்பச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். 2004-ல் பத்மஸ்ரீ, 2019-ல் மறைவு. கவனிக்க வேண்டியது அந்த வரிசை. எந்த ஒலி வேண்டும் என்று காதில் தெளிவாகத் தெரிந்த பிறகு கருவியில் கை வைத்தார். நம் ஆட்கள் முதலில் கருவியை மாற்றுகிறார்கள், அதற்குப் பிறகு ஒலியைத் தேடுகிறார்கள்.

தன் குறை எவ்வளவு என்று அளக்கவும் ஒரு சோதனை உண்டு. ஆல்டோவின் மவுத்பீஸை மட்டும் தனியே ஊதினால், சுருதி காட்டும் செயலியில் ‘ஏ’ (ஆறு கட்டை) பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். புதியவர் கடித்து ஊதுவதால் அது எகிறி மேலே நிற்கும். உதடு தளரத் தளர நாளுக்கு நாள் கீழே இறங்கும். தினமும் ஒரே ஸ்வரத்தைப் பத்துப் பதினைந்து விநாடி ஆடாமல் நிறுத்திப் பழகுவதும் இதற்குத்தான். சலிப்பான வேலைதான், சந்தேகமேயில்லை. ஆரம்பத்தில் கால் மணி நேரத்திலேயே உதடு களைத்துவிடும். நிறுத்திவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஊதுவதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல்.

அந்த இருபது நிமிடத்தை எங்கே ஊதுவது என்பதுதான் அடுக்குமாடிக்காரரின் கவலை. வாயில் துணியை அடைத்தாலும் பயன் இல்லை. திறந்திருக்கும் எல்லாத் துளைகள் வழியாகவும் ஒலி வெளியே வருகிறதே! நியூயார்க்கில் சானி ராலின்ஸுக்கும் இதே கவலை இருந்தது. 1959-ல், ஏற்கெனவே பெரும் புகழோடு இருந்தபோது, தன் வாசிப்பில் திருப்தியில்லாமல் மேடையை விட்டு விலகினார். பக்கத்து வீட்டில் கர்ப்பிணிப் பெண். அவருக்குத் தொந்தரவு கூடாதென்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய் வாசிக்க ஆரம்பித்தார். 1961 வரை வெயிலிலும் குளிரிலும் அங்கேதான் சாதகம். திரும்பி வந்து 1962-ல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘தி பிரிட்ஜ்’ என்றே பெயர். இருபத்தொன்பது வயதில், அத்தனை பெயர் வாங்கிய பிறகு, ஒரு மனிதர் தனக்கு இன்னும் வரவில்லை என்று பாலத்தில் போய் நின்றார். நாற்பது வயதில் முதல் மாதமே வாத்துச் சத்தம் வருகிறதே என்று கூச்சப்படுகிறவர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பாலத்துக்குப் பதில் மொட்டை மாடி. போவதற்கு முன் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போக வேண்டும். காபிச் சர்க்கரை மூச்சோடு உள்ளே போய்ப் பேடுகளில் ஒட்டிக்கொள்ளும். ஜி-ஷார்ப் சாவிதான் முதலில் மாட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்துக் காய வைக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். குழாய்க்குள் ஒருமுறை துணி இழுத்துவிட வேண்டும். நேரம் ஆறரைக்கு மேல் என்றால் நல்லது. வெயிலில் பித்தளை சூடேறினால் சுருதியும் சேர்ந்து ஏறிவிடும். மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் ரீடு அதற்குள் காய்ந்து போயிருக்கும்.