ஏற்றியவரும் சுமந்தவரும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். முல்லைப்பாட்டிலிருந்து தொடங்குவதில் எங்களுக்கும் தடையில்லை. 103 அடிகளே கொண்ட அச்சிறு பாட்டில் நப்பூதனார் ஒரு பாசறையைக் காட்டுகிறார். காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தில் அமைந்த அப்பாசறையில் அரசனுக்கென வகுத்த இடத்தில் விளக்குகள் எரிகின்றன. அவை மங்குந்தோறும் நெய் வார்த்துத் திரியைத் தூண்டி எரியச் செய்பவர் பெண்கள். கச்சிலே வாள் பூண்ட பெண்கள். வகுப்பறையில் இப்பகுதி வரும்போது யவனக் காவலரைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, விளக்கை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். எங்களுக்கோ அப்பெண்களின் கைகளே நினைவில் நிற்கின்றன. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

'நாங்கள்' என்பது பெருமைப் பன்மை அன்று. உடன்பிறந்தார் இருவர் சேர்ந்து எழுதுவது இது. மூத்தவர் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இளையவர் மின்வாரியத்தில் பணியாற்றியவர். மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எதற்கு என்று உறவினர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும்.

சவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் நடந்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு எங்கள் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டு சென்றிருந்தோம். முதல் இரவே மின்சாரம் நின்றது. பள்ளித் திடலில் அவ்விளக்கை ஏற்றியபோது, 'உஸ்' என்ற அதன் இரைச்சலைக் கேட்டு மாணவர்கள் சுற்றி வந்து அமர்ந்தனர். எங்கே கிடைக்கும், எப்படிப் பேணுவது என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அங்கே பாதி விடைதான் சொன்னோம். மீதி விடை இது.

முதலில் வாங்கும் வகை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும், பித்தளைப் பாத்திரக்காரர்களிடமும், சிற்றூர்ப் பழைய இரும்புக் கடைகளிலும் இவ்விளக்குகள் இன்றும் அகப்படுகின்றன. பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. நாங்கள் மயங்கியிருக்கிறோம். ஒரு நகரில் ஒரு வணிகர் 'அசல் ஜெர்மனி' என்று சொல்லி 2,800 ரூபாய்க்குத் தந்த விளக்கின் தொட்டியில் பெயர் அழகாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து காந்தத்தை வைத்தால் கப்பென்று ஒட்டிக்கொண்டது. நல்ல பழைய தொட்டி பித்தளையால் ஆனது. மேலே நிக்கல் பூச்சு மட்டுமே இருக்கும். காந்தம் உறுதியாகப் பற்றினால் அது இரும்பு. உள்ளே துரு இருக்கும். துரு வந்து நுண்துளையை அடைக்கும். அன்று முதல் சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு இல்லாமல் நாங்கள் கடை ஏறுவதில்லை.

மிகுதியாகத் தேய்த்து மெருகேற்றிய தொட்டியும் ஆகாது. தேய்த்தவர் தகட்டின் கனத்தையும் சேர்த்துத் தேய்த்திருப்பார். அடிப்பகுதி வெளியே உப்பியிருந்தால் யாரோ ஒருவர் அளவுக்கு மீறிக் காற்றடித்திருக்கிறார் என்று பொருள். இலவசமாகத் தந்தாலும் வேண்டா. நிறம் மங்கி, கரி படிந்து, மூலையில் கிடக்கும் விளக்கே பெரும்பாலும் நல்ல விளக்கு. காலித் தொட்டியில் சிறிது காற்றடித்து ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால், கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளித்தாலும் கேட்கத்தான் வேண்டும். இவ்வாறு நாங்கள் வாங்கிய ஏழு விளக்குகளில் தேறியவை மூன்று.

இவ்விளக்கின் வரலாற்றில் ஒரு செய்தி எங்களை எப்போதும் வியக்க வைக்கும். பெட்ரோமாக்ஸ் என்பது பெர்லின் நகரத்து எர்ரிக் - கிராட்ஸ் நிறுவனம் இட்ட பெயர். பெட்ரோலியம் என்பதன் முற்பகுதியும் அந்நிறுவனத் தலைவர் மாக்ஸ் கிராட்ஸின் பெயரும் சேர்ந்தது. ஆயினும் விளக்கின் உயிர் தொட்டியில் இல்லை. மேண்டில் என்று நாம் சொல்லும் அந்தச் சிறு வலைப்பையில் இருக்கிறது. ஆஸ்திரிய வேதியியலார் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1891இல் தோரியம் ஆக்சைடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் கலந்தபோதுதான் வெண்ணிற ஒளி கைகூடியது. உலகமெங்கும் தோரியத்தைத் தேடினர். 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்ற தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்னும் தோரியக் கனிமத்தைக் கண்டார். தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். அவ்வூர் இன்று நம் குமரி மாவட்டத்தில் உள்ளது. நம் கடற்கரை மணல் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்து போய்ப் பிறநாட்டாரை இங்கே அழைத்து வந்திருக்கிறது.

தோரியம் கதிரியக்கம் உடையது. ஆதலால் இன்று பல உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்டு இட்ரியத்தைப் பயன்படுத்துகின்றனர். பழைய மேண்டில் உதிர்ந்தால் அந்தச் சாம்பலை வாயால் ஊதக்கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் கையைக் கழுவ வேண்டும். புதிய மேண்டிலைக் கட்டி ஒருமுறை எரித்துவிட்டால் நூல் போய்ச் சாம்பல் வலையே எஞ்சும். பிறகு விரல் பட்டால் போதும், பொடிந்துவிடும். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' திரைப்படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் செய்த வேலையால் இவ்வுண்மை தமிழகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எங்கள் கடையில் அதற்குப் பத்தாண்டு முன்பே தெரியும். சிரிப்பு மட்டும் வந்ததில்லை. உடைந்த மேண்டிலின் விலை எங்கள் தின்பண்டக் காசிலிருந்து போகும்.

ஆம், எங்கள் தந்தையார் வாடகை விளக்குக் கடை வைத்திருந்தார். ஊரில் அவருக்கு 'விளக்குக்கடை பாய்' என்றே பெயர். பதினான்கு விளக்குகள். எல்லாச் சமயத்தார் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் எங்கள் விளக்குகளே சென்றன. சுமந்தவர் பெரும்பாலும் பெண்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் பலகை, பலகைமேல் விளக்கு, பிடித்துக்கொள்ள ஒரு கை. இரவு முழுவதும் நடந்தால் இரண்டு ரூபாய்.

1974ஆம் ஆண்டு, கோடைக்காலம். நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் இருந்தோம். ஓர் ஊர்வலத்துக்கு ஆறு விளக்குகளோடு எங்களை அனுப்பினார் அத்தா. கடைத்தெரு முனையில் காற்று வீசி ஒரு விளக்கு அணைந்தது. இறக்கி வைத்து ஏற்ற வேண்டும். இங்கே விளக்கின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். தொட்டியிலிருந்து காற்றழுத்தத்தால் மேலேறும் மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாக மாறி, நுண்துளை வழியே சீறி, மேண்டிலில் எரிகிறது. குழாய் சூடாக இல்லையென்றால் ஆவி வராது, எண்ணெயாகவே பீறிடும். ஆகவே முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றி எரித்துக் குழாயைக் காய்ச்ச வேண்டும். ஏறத்தாழ இரண்டு நிமிட வேலை. அன்று ஸ்பிரிட் புட்டியை நாங்கள் கடையிலேயே மறந்து வந்திருந்தோம்.

திரும்பிப் போய் எடுத்துவர அச்சம். மாப்பிள்ளை வீட்டார் 'என்னப்பா, என்னப்பா' என்று விரட்டினர். குழாயில் பழைய சூடு இருக்கும் என்று எண்ணினோம். தீக்குச்சியைக் காட்டினோம். மேண்டில் சற்றே ஒளிர்ந்தது. காற்றை அடித்தோம், அந்த அக்காவின் தலையில் தூக்கி வைத்தோம். இருபது அடி போயிருப்பார். விளக்கு மஞ்சளாய்க் குபீரென்று எரிந்து, எரியும் எண்ணெய் வழிந்து, பலகையைப் பிடித்திருந்த அவரது வலக்கையில் இறங்கியது.

அவர் விளக்கை வீசவில்லை. சுற்றிலும் குழந்தைகள் நடந்துகொண்டிருந்தனர். குனிந்து, விளக்கைத் தரையில் நிறுத்திவிட்டு, அதன் பின்னரே கையைத் தெருமண்ணில் புதைத்தார்.

கடைக்குத் திரும்பியதும் அத்தா என்ன நடந்தது என்று கேட்டார். அந்த அக்கா விளக்கைச் சாய்த்துவிட்டார் என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர் மறுக்கவில்லை. சொன்னவர் யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்; ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறையும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அத்தா மருந்துச் செலவைக் கொடுத்தார். அதன்பின் அவரை அழைக்கவில்லை. 'கை நிலை இல்லாதவர்' என்ற பேச்சு பரவி, மற்ற விளக்குக் கடைக்காரரும் அழைக்கவில்லை. ஆறேழு ஆண்டுகளில் குழல்விளக்கும் மின்னாக்கி வண்டியும் வந்து, சுமக்கும் தொழிலே போயிற்று என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டதுண்டு. ஆனால் அந்த ஆறேழு ஆண்டுகள் அவருக்கு உரியவை.

1996இல் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டோம். கடலை விற்றுக்கொண்டிருந்தார். முழங்கைவரை தழும்பு. எங்களை அறிந்துகொண்டு, "அத்தா நல்லா இருக்காகளா தம்பி?" என்று கேட்டார். அத்தா காலமாகிவிட்டதைச் சொன்னோம். வேண்டியதற்கு மேல் கடலை வாங்கினோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பேருந்து ஏறினோம். பிறகு தேடிச் சென்றபோது அவர் அவ்விடத்தில் இல்லை.

இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுள் எங்கள் ஊரார் சிலர் இருப்பர். அந்த ஊர்வலத்தில் நடந்தோரும் இருக்கக்கூடும். அவர் விளக்கைச் சாய்க்கவில்லை. தவறு ஏற்றிய எங்களுடையது.

இனிப் பேணும் முறைக்கு வருவோம். காற்றடிக்கும் தண்டின் நுனியிலுள்ள தோல் வாஷர் காய்ந்துவிட்டால் காற்று ஏறாது. அதைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்துப் பொருத்தினால் போதும். புதிது வாங்க வேண்டுவதில்லை. மண்ணெண்ணெயைத் துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும். தொட்டியில் கால் பங்கு காற்றுக்கு இடம் விட வேண்டும். அழுத்தமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. பெட்ரோலை ஒரு துளியும் கலத்தல் கூடாது. நியாய விலைக் கடைகளில் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு வெகுவாகக் குறைந்துவிட்ட இக்காலத்தில் அந்த ஆசை சிலருக்கு வருகிறது. எரியும்போதோ சூடாயிருக்கும்போதோ எண்ணெய் நிரப்பக் கூடாது. முகாம் முடிந்ததும் காற்றைத் திறந்துவிட்டு எண்ணெயை வடித்து வைக்க வேண்டும். தேங்கிய எண்ணெய் பிசினாக மாறும்.

கூடாரத்துக்குள் இவ்விளக்கை ஏற்றவே கூடாது. தீ ஓர் அச்சம். அதனினும் கொடியது மணமற்ற கார்பன் மோனாக்சைடு. உறங்குபவர் அறியாமலே உயிர் கொள்ளும். உள்ளே மின்கல விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் வெளியேயும் அதுவே போதும். எடை குறைவு, இரைச்சல் இல்லை, சுடுவதில்லை. இதைச் சொல்லாமல் பழம்பொருளைப் புகழ்வது நேர்மையன்று. ஆயினும் சுற்றி அமர்ந்து பேசுவதற்குப் பெட்ரோமாக்ஸைப் போல் ஒன்றை நாங்கள் கண்டதில்லை.

எங்கள் விளக்கு போகும் முகாம்களில் ஒரே ஒரு விதி உண்டு. ஏற்றுபவர் எவரோ அவரே அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். பிறர் கையில் தரக்கூடாது. சவ்வாது மலையில் கடைசி இரவு ஏற்றும் முறை ஒரு மாணவிக்கு வந்தது. முதல் கிண்ணம் எரிந்து தீர்ந்தது. குழாயின் அருகே கையைக் காட்டிப் பார்த்தவள், இரண்டாம் முறையாக ஸ்பிரிட்டை ஊற்றினாள். சோறு ஆறுகிறது, சீக்கிரம் என்று பள்ளிக்குள்ளிருந்து குரல் வந்தது. அவள் எழவில்லை.