18 சதவிகிதச் சாம்பல்

வெள்ளையைப் படமெடுப்பதுதான் கஷ்டம் என்பது மரக்காணம் உப்பளத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்குப் பின் ஞாயிறுதோறும் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறேன். காமிராவின் ஒளிமானி சொன்னபடி எடுத்த முதல் படங்களில் உப்புக் குவியல் சிமெண்டுக் குவியலாக இருந்தது. கருவியில் பழுதில்லை. எதிரே எது இருந்தாலும், விழும் ஒளியில் 18 சதவிகிதத்தைத் திருப்பும் சாம்பல்நிறப் பொருள் என்று அனுமானிப்பதே அதன் சுபாவம். உப்பையும் சாம்பலாக்கும், காக்கையையும் சாம்பலாக்கும். உப்புக்கு ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். காக்கைக்குக் குறைக்க வேண்டும். எதிரே இருப்பது உப்பா காக்கையா என்பதைக் கருவி சொல்லாது.

அடுத்த தொந்தரவு பாத்தி நீரின் பளபளப்பு. அதற்காகப் போலரைஸர் வாங்கினேன். நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 டிகிரிச் சாய்வில் பார்த்தபடி அதைத் திருப்பினால் பிரதிபலிப்பு அநேகமாக அணைந்துவிடுகிறது. பாத்தியின் தரை தெரிகிறது. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானமும் கறுத்து ஆழம் கொள்கிறது. இதற்கு விலை, ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சம். படம் அழகாக இருந்தது.

உப்புச் சுமந்துவந்த ஓர் அம்மாள், சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். ‘நல்லாத்தான் இருக்குது தம்பி. வெயிலத்தான் காணோம்’ என்றாள்.

அவள் கண்கள் இடுங்கியிருந்தன. உப்பளத்தில் மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். கீழ்வெயிலை நான் அணைத்துவிட்டிருந்தேன்.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வந்தார். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைத் தானே இணைத்து ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயரிட்டுக்கொண்ட கருவியால் காட்டு யானைகளைப் படமெடுத்தவர். வண்ணம் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவரும் ஒன்றை விலக்கியவர்தான். ஆனால் எதை விலக்குகிறோம் என்று தெரிந்து விலக்கினார். நான் வளையத்தைத் திருப்பியபோது எனக்கு அது தெரியாது.

விமர்சனத்திலும் ஓர் ஒளிமானி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி ‘ஒரே வெளிச்சம், நிழல் இல்லை’ என்று எழுதினேன். கவிஞர் அதற்குப் பிறகு எழுதவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் கர்வம் வேண்டாம். சென்ற வாரம் தொகுதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அன்று நான் வைத்த அளவு, எனக்குப் பழக்கமான கவிதைகளின் சராசரிச் சாம்பல். பெரும்பாலான கவிதைகளைப் பற்றி இன்றும் என் அபிப்பிராயம் மாறவில்லை. இரண்டு கவிதைகள் நிற்கின்றன, கண் கூசுகிறது. அந்த இரண்டையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

போலரைஸரை எறிந்துவிடவில்லை. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில், அசையாமல் நிற்கும் நாரைகளுக்கு அது உதவுகிறது. உப்பளத்தில் மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். போன ஞாயிறு நடுப்பகலில் எடுத்த படத்தில் பாதி வெளுத்துப்போயிருக்கிறது. அந்த அம்மாளிடம் காட்ட வேண்டும்.